கடைவாய்ப்பல் மலையின் அட்டை

நவம்பர் 14, செவ்வாய்

விடியத் தொடங்கிய தூறல். பெய்து முடிக்கவும் மாட்டேன் என்கிறது, விடவும் மாட்டேன் என்கிறது. வாடகைக் கதிரைகள் முற்றத்தில். உள்ளே அடுக்கினால் வருகிறவர்களுக்கு இருக்க இடமில்லை, வெளியே விட்டால் ஈரம். தூக்குவதும் இறக்குவதுமாக அரைநாள் போயிற்று. இடுப்பும் போயிற்று.

வாங்க: தேயிலை, சீனி, நுளம்புத்திரி, படத்துக்கு மாலை. (பிளாஸ்டிக் போதும் என்று யோகம் சொல்லிவிட்டாள். இந்த மழைக்கு உண்மைப் பூ அழுகும்.)

மச்சான் போன வியாழக்கிழமை சுவிசில் காலமானார். ஆஸ்பத்திரியில், நித்திரையில், இதயம். என் மனைவி யோகத்தின் ஒரே அண்ணை. கலியாணம் கட்டாத மனுசன், அங்கே அழ ஆளில்லை. உடம்பு அங்கே குளிர்ப்பெட்டியில், செத்தவீடு இங்கே சண்டிலிப்பாயில்.

சின்னம்மா, யோகத்தின் தாயாரின் தங்கை, உடுப்பிட்டியிலிருந்து வந்திருக்கிறார். முப்பத்தோராம் நாள் சடங்கு முடியும்வரை நிற்பாராம். வந்த கையோடு குசினியைக் கைப்பற்றினார். தேத்தண்ணீரில் சீனியை அள்ளிக் கொட்டுகிறார். எனக்குச் சலரோகம் என்று சொல்லவும் அலுப்பாக இருந்தது, குடித்துவிட்டேன்.

இந்தக் கொப்பியில் மட்டும் எழுதக்கூடியது ஒன்று: கடைவாய்ப்பல் இன்னும் வந்து சேரவில்லை.

ஆஸ்பத்திரிக்குப் போகுமுன் கடைசி ஞாயிறு மச்சான் தொலைபேசி எடுத்துச் சொன்னார், கடைவாய்ப்பல் மலையின் தபாலட்டை போட்டாச்சு என்று. அப்படியென்றால் வழியில் எங்கோ வந்துகொண்டிருக்கிறது. அனுப்பினவர் இல்லை, அனுப்பியது வருகிறது. இந்த நேரத்திலும் அது எப்போது வரும் என்று பார்த்துக்கொண்டிருக்கிறேனே, அதை நினைக்க வெட்கமாக இருக்கிறது.

நவ. 15, புதன்

தகனம், தொலைக்காட்சியில். கனடாவிலிருந்து மகன் சொல்லச் சொல்ல நான் வயரைத் தேடித் தேடிச் செருகினேன். படம் வந்தது, சத்தம் வரவில்லை. பிறகு சத்தம் வந்தது, படம் நின்றது. விறாந்தை முழுக்கச் சனம்.

சின்ன மண்டபம். மச்சான் கோட் போட்டுப் படுத்திருந்தார். காலமெல்லாம் ரெஸ்ரோரண்ட் குசினியில் நின்ற மனுசனைக் கோட்டில் பார்க்க, யாரோ ஒரு கனவான். யோகம் தொலைக்காட்சிப் பெட்டியைக் கட்டிப் பிடித்து அழுதாள். சின்னம்மா ஒப்பாரி சொன்னார். அங்கே நிற்கிறவர்களுக்கும் கேட்கட்டும் என்று யாரோ சத்தத்தைக் கூட்ட, அது எங்களுக்கே திரும்பி இரைந்தது.

மண்டபத்துக்குப் பின்னால் பெரிய கண்ணாடி யன்னல். அதில் ஒரு மலை. எல்லோரும் சவப்பெட்டியைப் பார்க்க நான் மலையைப் பார்த்தேன். இடது தோள் சரிவு, உச்சியில் ஒரு வெட்டு. எங்கள் மலை அட்டைச் சேகரத்தில் இருக்கிறது. இரண்டாவது அல்பம், பனிக்கால அட்டை. கண்டுபிடித்த சந்தோசம் ஒரு கணம் வந்தது. அதற்குப் பிறகு என்னை எனக்கே பிடிக்கவில்லை.

நவ. 17, வெள்ளி

நேற்று எட்டுச் செலவு, எட்டாம் நாள் படையல். மச்சானுக்குப் பிடித்ததெல்லாம் வாழையிலையில்: கணவாய்க் கறி, முருங்கைக்காய், புட்டு, பால் விடாத கோப்பி, ஒரு போத்தல் பியர். சாம்பிராணி காட்டி, கதவைச் சாத்தி, எல்லோரும் வெளியே. போனவர் வந்து ஆறுதலாகச் சாப்பிட வேண்டும், ஆள் நின்றால் கூச்சப்படுவாராம். தாழ்வாரத்தில் நெருக்கியடித்துக்கொண்டு நின்றோம். கதவு திறந்ததும் சின்னம்மா குனிந்து பார்த்து, புட்டு ஒரு பக்கம் கலைந்திருப்பதாகச் சொன்னார். யோகத்தின் முகம் கொஞ்சம் தெளிந்தது. பல்லியாக இருக்கும்.

இன்று பின்னேரம், பூஞ்சணம் பிடித்திருக்கிறதா என்று பார்க்க அல்பங்களை வெளியே எடுத்தேன். சின்னம்மாவிடம் மாட்டிக்கொண்டேன். இதெல்லாம் என்ன மலை, ஏன் படத்துக்கு மேலேயே முத்திரையை ஒட்டிப் பழுதாக்கியிருக்கிறது என்று கேள்வி.

சொன்னேன். படத்தில் ஒரு மலை. முத்திரையிலும் அதே மலை. அதன் மேல் விழுகிற சீல், அந்த மலையடிவாரத் தபால் கந்தோரில் குத்தியதாக இருக்க வேண்டும். மூன்றும் ஒரே மலையாகச் சேர்ந்தால்தான் சேகரத்தில் சேர்த்தி. தபாற்செலவுக்குப் பின்பக்கம் வேறு முத்திரை. உறையில் வைத்து அனுப்புவது களவு, அட்டை தானாகப் பயணப்பட்டு வர வேண்டும். பின்னால் விலாசம் மட்டும். வேறு ஒரு எழுத்தும் இருக்கக் கூடாது. மச்சானும் நானுமாகப் போட்ட சட்டம் இது. லீவு நாளில் றெயில் ஏறிப் போய், கந்தோரில் இருக்கிற பெண்ணைக் கெஞ்சி, கையால் மெல்லக் குத்துவித்து அனுப்புவார்.

சின்னம்மா ஒரு அட்டையின் பின்பக்கத்தைத் திருப்பிப் பார்த்தார். "ஒரு சுகங்கூடக் கேட்டு எழுதாத காயிதத்துக்கு ஏன் தம்பி இவ்வளவு பாடு?"

குசினிக்குள் இருந்து யோகம்: "அதைத்தான் நானும் கலியாணம் கட்டின நாள் துவக்கம் கேக்கிறன்."

நவ. 20, திங்கள்

மழை. கிணற்றுத் தண்ணீர் கையால் அள்ளுகிற உயரத்துக்கு வந்துவிட்டது. புகையிலை நாற்று மேடை கரைந்துபோயிற்று. திரும்பப் போட வேண்டும். யார் போடுவது.

தபால்காரர் லைட் பில்லோடு வந்தார். படத்தைப் பார்த்துத் தொப்பியைக் கழற்றினார். நல்ல மனுசன், ஆனால் பெரிய குரல். "ஐயா, உங்கடை மலை இன்னும் வரேல்லை. கொழும்பிலை கட்டுக்கட்டாய்த் தேங்கிக் கிடக்காம்." வங்கிக்குப் போவதாகச் சொல்லிவிட்டு நான் கந்தோருக்குப் போய் விசாரித்தது இப்படிச் சந்திக்கு வந்தது.

யோகம் கதவடியில் நின்றிருந்தாள். எந்த மலை என்று கேட்டாள். சொல்ல வேண்டியதாயிற்று. கடைவாய்ப்பல் என்பது நாங்கள் வைத்த பெயர், அதன் சொந்தப் பெயர் என் வாயில் நுழையாது. உச்சி ஒரு பெரிய கடைவாய்ப்பல்லைப் போல நாலு மேடாக இருக்கும். படம் எப்போதோ கிடைத்துவிட்டது, அந்த மலைக்கு முத்திரை வருவதற்குத்தான் இத்தனை வருசம். இந்த வருசம் வந்தது. மச்சான் ஒட்டிப் போட்டுவிட்டார்.

அண்ணை செத்த வீட்டில் முத்திரைக் கதையா என்று திட்டப் போகிறாள் என்று இருந்தேன். அவள் படியில் குந்திவிட்டாள்.

"தனக்கு ஏலாமல் வருகுது எண்டு அண்ணைக்குத் தெரியும்," என்றாள். "இந்த முறை எனக்கு ஒரு வரி எழுதியிருப்பார்."

மச்சான் சட்டம் பிசகாத ஆள். "ஓம், எழுதியிருப்பார்," என்றேன்.

நவ. 24, வெள்ளி

அவளும் பார்த்துக்கொண்டிருக்கத் தொடங்கிவிட்டாள். சைக்கிள் மணி கேட்டால் படலைக்குப் போகிறாள். பாண்காரன். மீன்காரன். சாவுத் துடக்கு வீடு, படையல் நாள் தவிர மீன் வேண்டாம் என்று சொல்லிவிட்டு நனைந்துகொண்டு திரும்பி வருகிறாள்.

நான் கும்பிடுகிறது அட்டை வர வேண்டும் என்றா, வரக்கூடாது என்றா? வந்தால் எனக்குக் கடைவாய்ப்பல். வந்தால் அவளுக்கு வெறும் விலாசம். வராவிட்டால் ஒரு வரி எழுதியிருந்தார் என்றே இருந்துவிடலாம். இப்படி யோசித்து யோசித்துத் தலையிடி. பனடோல் முடிந்துவிட்டது.

இரும்புப் பெட்டியில் இருந்து முதல் அட்டையை எடுத்து வைத்திருக்கிறாள். மச்சான் சுவிசுக்குப் போய்ச் சேர்ந்த புதிதில், சட்டமெல்லாம் வருமுன், போட்டது. ஏதோ ஒரு பனிமலை. பின்னால் நீலப் பேனையில்: "சுகமாக வந்து சேர்ந்தேன். யோசிக்க வேண்டாம்." அந்த மலையைப் பார்த்துத்தான் எனக்கு இந்தப் பைத்தியம் பிடித்தது. மேசை போலச் சப்பட்டையான ஊரில் பிறந்து, தண்ணீர்த் தாங்கிக்கு மேல் உயரமான ஒன்றிலும் ஏறாத எனக்கு. இன்றைக்கும் ஏற ஆசையில்லை. முழங்கால்.

சின்னம்மா சண்டைக்கால இடப்பெயர்வுக் கதையை எடுத்தார். எல்லாரும் நகை நட்டைக் கட்ட, யோகம் தன் கூறைச்சேலையை விட்டுவிட்டு என் அல்பங்களை அரிசிச் சாக்குக்குள் வைத்துச் சாவகச்சேரி வரை தலையில் சுமந்தாளாம். எனக்குத் தெரியும். நான் சைக்கிளில் மாமியை வைத்து உருட்டிக்கொண்டு பின்னால் போனேன்.

"மலை எண்டே சுமந்தனான்?" யோகம் சொன்னாள். "அண்ணை கைபட்டது எண்டு சுமந்தனான்."

நவ. 27, திங்கள்

கார்த்திகை விளக்கீடு. ஒழுங்கை முழுக்கச் சிட்டி விளக்கும் பந்தமும், எங்கள் வாசல் மட்டும் இருட்டு. காற்றுக்கு மற்றவர்களின் விளக்கும் நின்று பிடிக்கவில்லை. கரண்டும் போய்விட்டது, எல்லோரும் சரிசமன்.

இருட்டில் இருக்கும்போது யோகம் கேட்டாள், அந்த ஞாயிறு மச்சான் என்ன சொன்னவர், சொன்னபடியே சொல்லுங்கோ என்று. சொன்னேன். "மச்சான், கடைவாய்ப்பல் போட்டாச்சு. சீல் வடிவாய் விழுந்திருக்கு. இனி நீர் பாரும்." அவ்வளவுதான். தன்னைச் சுகம் கேட்கவில்லையா என்றாள்.

கேட்டவர் என்றேன். உண்மையில் கேட்கவில்லை. அன்று எங்களுக்கு மலைக் கதை மட்டும்தான்.

டொக்டர் ஏற்றம் ஏற வேண்டாம் என்று அவருக்குச் சொல்லியிருந்தாராம், சுவிசில் தகனத்துக்கு நின்ற மச்சானின் நண்பர் சொன்னது. மலையடிவாரக் கந்தோர் என்றால் ஏற்றத்தில்தான் இருக்கும். வீட்டில் ஒருவரும் இதைப் பற்றிக் கதைக்கவில்லை. எனக்கு மட்டும் இது போகமாட்டேன் என்கிறது.

டிசம்பர் 1, வெள்ளி

நேற்று முழுக்கக் காய்ச்சல், இன்று குணம். கொத்தமல்லி குடித்தேன். யோகம் கிணற்றடியில் உடுப்புத் தோய்த்துக்கொண்டிருந்த நேரம் சின்னம்மா பக்கத்தில் வந்து நின்று, மாட்டுக்கொட்டில் ஒழுகுகிறதா என்று கேட்டார். மாடு விற்று எத்தனையோ காலம், ஒழுகினால் என்ன என்றேன்.

"இல்லைத் தம்பி, உங்கை கூரைக் கிடுகுக்குள்ளை அந்தக் காயிதத்தைச் செருகி வைச்சனான்."

புதன்கிழமை நாங்கள் மானிப்பாய்க்கு யோகத்தின் பிரஷர் கிளினிக்குக்குப் போயிருந்தபோது தபால்காரர் கொடுத்தாராம். செத்தவரின் கையெழுத்து துடக்கு கழிய முன்னம் வாசற்படி தாண்டக் கூடாது, அதுதான் வெளியே வைத்தாராம். சாவுக் காயிதம் வந்தால் வாசித்த கையோடு கிழித்துப் போடுகிற வழக்கத்தில் வந்தவர். "கிழிக்கத்தான் வெளிக்கிட்டனான். மலை வடிவாய்க் கிடந்தது, மனம் வரேல்லை."

கோபம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. களைப்புத்தான் வந்தது. குடையில்லாமல் கொட்டிலுக்குப் போனேன். மூன்றாவது வரிசைக் கிடுகுக்குள், ஒரு மூலை ஊறிப்போய், கடைவாய்ப்பல்.

டிச. 2, சனி

அட்டையைப் பழைய பேப்பருக்குள் வைத்து, மேலே அகராதி, அதற்கு மேல் அரிசி வாளி. இரண்டு மணித்தியாலத்துக்கு ஒருமுறை பேப்பர் மாற்றம். யோகத்துக்கு இன்னும் சொல்லவில்லை. சின்னம்மாவும் சொல்லமாட்டார், பயந்துபோயிருக்கிறார்.

நிலவரம்: படம் பழுதில்லை. முத்திரையின் ஒரு விளிம்பு கிளம்பியிருக்கிறது, படுத்துவிடும். சீல் கறுப்பு, வட்டம் முழுசு, ஊர்ப்பெயர் வாசிக்கலாம். அரைவட்டம் முத்திரையில், அரைவட்டம் மலையின் பனியில். இத்தனை வருசத்தில் இப்படி ஒன்று வந்ததில்லை. கடைசியாகப் போட்டதுதான் எல்லாவற்றிலும் திறமானது.

பின்பக்கம்: என் பெயர். வீதி. சண்டிலிப்பாய். சிறீலங்கா. அவ்வளவு.

மத்தியானம் இரண்டு பெண்களும் படுத்திருக்க, முதல் அட்டையையும் இதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தேன். பேப்பர் ஓரத்தில் மச்சானின் எழுத்தைப் போட்டுப் பார்த்தேன். "யோகம், சுகமாய் இரு." அவருடைய "க" வால் நீண்டு கீழே இறங்கும். நாலாம் தரம் நன்றாகவே வந்தது. நீலப் பேனையை அட்டைக்கு மேல் பிடித்துக்கொண்டு கன நேரம் இருந்தேன்.

மூடி வைத்துவிட்டேன். அவளை ஏமாற்றக் கூடாது என்றுதான் என்று எழுத ஆசை. மச்சானுடைய அட்டையில் எழுத மனம் வராததுதான் காரணமா? அல்லது இவ்வளவு சுத்தமான அட்டையைப் பழுதாக்க மனம் வரவில்லையா? எனக்குத் தெரியாது. பேப்பர் ஓரத்தைக் கிழித்து அடுப்பில் போட்டேன்.

டிச. 4, திங்கள்

வெயில்! துணியெல்லாம் வெளியே. தலையணை, பாய், அல்பங்களும்.

தேங்காய் துருவிக்கொண்டிருந்தாள். "யோகம், அட்டை வந்திட்டுது," என்றேன். எப்போது வந்தது என்று கேட்கவில்லை. கையைச் சீலையில் துடைத்துவிட்டு வாங்கினாள். மலையைப் பார்க்கவேயில்லை, உடனே மறுபக்கம் திருப்பினாள்.

விலாசம் நாலு வரி. நாலு வரியை வாசிக்க இவ்வளவு நேரம் எடுக்காது.

"உங்கடை பேர்தான் கிடக்கு," என்றாள்.

ஓம் என்றேன்.

பிறகு முன்பக்கம் திருப்பி, தள்ளிப் பிடித்து, கிட்டப் பிடித்துப் பார்த்தாள். முத்திரையின் விளிம்பைப் பெருவிரலால் தடவினாள். நான் தொட விடாத இடம். இன்று விட்டேன்.

"மூண்டும் சரியாய் வந்திருக்கோ?"

"சரியாய் வந்திருக்கு. சீலும் திறம்."

"அப்பப் போதும்," என்றாள். அட்டையைத் தன் மடியில் வைத்துக்கொண்டு மிச்சத் தேங்காயைத் துருவினாள். துருவல் அட்டையில் விழுந்தது. எழும்பும்போது அட்டை அவளோடு போயிற்று. அல்பத்தில் அதற்கென்று விட்ட இடம் அப்படியே இருக்கிறது.

டிச. 7, வியாழன்

திரும்பவும் மழை. சாமான்: மரக்கறி, வாழையிலை (பக்கத்து வளவில் சொல்லியாயிற்று), நெய், ஐயருக்குத் தட்சணை, கணவாய் (சனி விடியக் காங்கேசன்துறைப் பக்கம் யாரும் போனால்). அங்கே சாம்பல் கரைக்கிற வேலையை நண்பர் செய்வார். இங்கே துடக்குக் கழிவும் படையலும் மட்டும்.

சின்னம்மா ஊருக்குப் போகிற அவசரத்தில் பையை அடுக்கிவிட்டார். போகும்போது ஒரு மலை தரச் சொன்னார், சுவரில் ஒட்ட. இரட்டைப்படி இருந்த ஒன்றைக் கொடுத்தேன். முத்திரை இல்லாதது.

யோகம் பாத்திரங்களை விளக்கி அடுக்குகிறாள். கோபமென்று இல்லை. வேலை, வேலை. நான் கண்ட இடத்தில் அட்டை இல்லை.

டிச. 9, சனி

முப்பத்தொன்று. ஐயர் வந்து போனார். மற்றச் சனமும் சாப்பிட்டுப் போனது. கதிரைகளை எடுக்க வான் இன்னும் வரவில்லை.

பின்னேரம் வீட்டுப் படையல். வீட்டு ஆட்கள் மட்டும். படத்துக்கு முன்னால் இலை போட்டு யோகமே எல்லாம் வைத்தாள்: சோறு, கணவாய், முருங்கைக்காய், கறுத்தக் கோப்பி, பியர். பிறகு அறைக்குள் போய் கடைவாய்ப்பல்லைக் கொண்டு வந்தாள். மலையை அடியில் கவிழ்த்து, விலாசப் பக்கம் மேலே தெரிய, இலைக்குப் பக்கத்தில் வைத்தாள். அதன் மேல் என் நீலப் பேனை, மூடி கழற்றி.

சின்னம்மா என்னைப் பார்த்தார். நான் அட்டையைப் பார்த்தேன். இலையிலிருந்து குழம்பு வழிந்து வந்தால் தொடும். நகர்த்தி வைக்கலாம். நகர்த்தவில்லை.

சாம்பிராணி காட்டிக் கதவைச் சாத்தினேன். மூன்று பேரும் தாழ்வாரத்தில். மழை இரைச்சல், தாழ்வாரத்துக்குள்ளும் சாரல். யோகம் கதவுக்குக் கிட்ட, முதுகைக் காட்டிக்கொண்டு நின்றாள்.

சின்னம்மா போதும் என்று தலையசைக்கத் திறந்தேன். சின்னம்மா சோற்றைக் குனிந்து பார்த்தார். யோகம் சோற்றைப் பார்க்கவில்லை. பேனையைத் தூக்கி, அட்டையைப் பார்த்து, பேனையைத் திரும்ப அதே இடத்தில் வைத்தாள்.

"அண்ணை மெல்ல எழுதிற ஆள்," என்றாள் என்னிடம். "இன்னும் கொஞ்ச நேரம் சாத்தி வைப்பமே?"

சாத்தினேன்.